வந்தவர் வழி கேட்காதபடி: தோட்டப்புற நகரில் ஆய்வு மாநாட்டுக்கு வருவோரை வரவேற்க முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் மாநாடு நடந்தால் வரவேற்புக் குழு தூங்கிவிட்டாலும் நகரம் விழித்திருக்கும். எல்ஆர்டி ரயில் ஓடும், நள்ளிரவிலும் கிராப் வாடகைக் கார் வரும், விடுதிக்குக் கீழேயே மாமாக் உணவுக்கடை திறந்திருக்கும். ஜொகூர் மாநிலத் தோட்டப்புற நகரான குளுவாங்கில் இரவு பதினொன்றரைக்கு வந்து இறங்குகிறவருக்கு நாம் அனுப்பிய வேன் வரவில்லை என்றால், அவர் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான்.

இருந்தும் உயிரியல், வேளாண் வேதியியல் ஆய்வாளர்களை இங்கே கூட்டிவரத் தக்க காரணம் இருக்கிறது. அவர்கள் ஆராய்கிற செம்பனை (எண்ணெய்ப்பனை), ரப்பர், மண், பூசணம் எல்லாம் மண்டபத்தில் இருந்து கொஞ்ச தூரத்திலேயே கிடக்கின்றன. செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்க்கும் ஆப்பிரிக்க வண்டு மலேசியாவில் 1981இல் விடப்பட்டதும் குளுவாங் வட்டாரத் தோட்டத்தில்தான். மண்டபச் சுவருக்குள்ளேயே முடிந்துபோகிற மாநாட்டை இந்த ஊருக்குக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை.

கீழே உள்ள கணக்கெல்லாம் 200 பேர், இரண்டு நாள் அமர்வு, மூன்றாம் நாள் காலை தோட்ட வருகை என்று வைத்துப் போட்டது. பீடோர், பாகாவ், சுங்கை சிப்புட் என்று வேறு ஊரில் நடத்துகிறவர்கள் பயண நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை போதும்: ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்பியது முதல் திரும்பிப் போகும்வரை எத்தனை தடவை “அடுத்து எங்கே போவது?” என்று கேட்க வேண்டி வருகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு கேள்வியும் நாம் முன்கூட்டியே சொல்ல மறந்த ஒன்று.

தேதி

நோன்பு மாதம், ஹரி ராயா, சீனப் புத்தாண்டு, தீபாவளி ஆகியவற்றைத் தள்ளிவைப்பது எல்லாருக்கும் தெரியும். ஜொகூரில் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச்வரை நீளும். அந்த மாதங்களில் தோட்டப் பாதை சேறாகும், சில இடங்களில் வெள்ளமே வரும். அடுத்தது வார இறுதி. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரில் சனி, ஞாயிறுதான் விடுமுறை. அதற்கு முன் பத்தாண்டுக்கும் மேலாக வெள்ளி, சனியாக இருந்தது. பழைய ஆண்டு நிகழ்ச்சி நிரலை அப்படியே எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினால் இங்கேதான் இடறும். வெள்ளிக்கிழமை அமர்வு வைத்தால் 12.15 முதல் 2.45 வரை எதையும் போடாதீர்கள். ஜும்மா தொழுகைக்குப் போகிறவர்கள் திரும்பிவந்து சாப்பிடவும் நேரம் வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன்: கடிதம், நுழைவு, மாதிரிகள்

கட்டுரை ஏற்கப்பட்ட வாரத்திலேயே அழைப்புக் கடிதம் போக வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டுப் பயண அனுமதிக் கோப்பு பல மேசைகளைத் தாண்டிவர வாரக்கணக்கில் ஆகும். கடிதத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், கடவுச்சீட்டு எண், மாநாட்டுத் தேதி, இடம், தங்குமிடத்தின் முழு முகவரி, எந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பது, ஒப்பமிட்டவரின் கைப்பேசி எண் ஆகியவை இருக்கட்டும். குடிநுழைவு முகப்பில் அதிகாரி கேட்பது பெரும்பாலும் தங்குமிடமும் திரும்பும் பயணச்சீட்டும்தான்.

மலேசியாவுக்கு வரும் வெளிநாட்டவர் எம்டாக் எனப்படும் மின்னியல் வருகை அட்டையை, வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதிகாரபூர்வத் தளத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் போலித் தளங்கள் தேடுபொறியில் மேலே வந்து நிற்கும். ஆகவே சரியான இணைப்பை நாமே அனுப்பிவிட வேண்டும், அதையும் சரியாக மூன்று நாள் முன்பு. ஒரு மாதத்துக்கு முன் அனுப்பினால் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா விலக்கு தரப்படுகிறது. அது கெடு வைத்து நீட்டிக்கப்பட்டு வரும் சலுகை என்பதால் ஒவ்வோர் ஆண்டும் குடிநுழைவுத் துறை அறிவிப்பைப் பார்த்துவிட்டே எழுதுங்கள்.

வரைபடத்தைப் பார்த்துவிட்டு “சிங்கப்பூரில் இறங்கி வந்தால் கிட்டத்தில்தானே” என்று சிலர் சாங்கி விமான நிலையத்துக்குச் சீட்டு எடுத்துவிடுவார்கள். இந்தியர்களுக்குச் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். அது கிடைத்தாலும் ஜொகூர் பாலத்து நெரிசலில் எத்தனை மணி நேரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அழைப்புக் கடிதத்தோடு போகும் குறிப்பில் இதை முதல் வரியாகவே போட்டுவிடுவது நல்லது.

இந்தத் துறை மாநாட்டுக்கே உரிய தலைவலி மாதிரிகள். மண், இலை, விதை, பூசண வளர்ப்பு, நுண்ணுயிர்த் தட்டு என்று யாராவது ஒருவர் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். 1976ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுக்காப்புச் சட்டப்படி இவற்றுக்கு முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும். நாட்டின் நுழைவாயிலில் அதிகாரிகள் சோதிப்பார்கள். “சின்னக் குப்பிதான், ஆய்வுக்குத்தான்” என்ற பேச்சு அங்கே எடுபடாது. கட்டாயம் தேவை என்கிறவர் தன் பெயரில் அனுப்பாமல், இங்குள்ள கூட்டாளி ஆய்வகத்தின் வழியாக அனுமதி பெறட்டும்.

உலர்பனி (டிரை ஐஸ்) கொண்டுவருகிறவருக்கு விமானத்தில் ஆளுக்கு 2.5 கிலோதான் உச்சம், அதுவும் விமான நிறுவனம் முன்பே ஒப்புக்கொண்டால். பெட்டி இறுக மூடியிருக்கக்கூடாது, வாயு வெளியேற வழி வேண்டும். அதே பெட்டியை நம் வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டு வந்தால் கரியமிலவாயு தேங்கி ஓட்டுநருக்குத் தலை சுற்றும். சன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பெட்டியைப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். மெத்தனால், அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பான்கள் பயணப்பெட்டியில் வரவே கூடாது. செயல்விளக்கத்துக்கு வேண்டுமென்றால் உள்ளூரில் வாங்கிக் கொடுப்பது நம் பொறுப்பு.

திரும்பும் திசையிலும் சட்டம் இருக்கிறது. உயிரியல் வளங்களை எடுத்துச் செல்வதற்கும் அதன் பயனைப் பகிர்வதற்குமான 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2020 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. தோட்டத்தில் பார்த்த காளானை ஆய்வுக்கென்று உடைத்துப் பையில் போட்டுக்கொண்டு நாடு திரும்ப முடியாது. வருமுன்பே எழுத்தில் சொல்லிவிட்டால், தோட்டத்தில் நின்றுகொண்டு மூத்த பேராசிரியர் ஒருவரைத் தடுக்க வேண்டிய சங்கடம் இருக்காது.

பதிவுப் படிவத்தில் இன்னொரு கேள்வியும் சேருங்கள்: அண்மையில் தென் அமெரிக்க ரப்பர் தோட்டம் எதற்காவது போயிருந்தீர்களா? தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் அந்தக் கண்டத்தில் ரப்பர் பயிரையே முடக்கிப்போட்டது. ஆசியாவில் இன்றுவரை அது காலூன்றவில்லை. “ஆம்” என்று எழுதுகிறவர் அந்தப் பயணத்தில் போட்ட காலணியையும் உடையையும் இங்கே கொண்டுவர வேண்டாம் என்று பணிவாகச் சொல்லி, தோட்ட நாளுக்கு நாமே பூட்ஸ் தருகிறோம் என்று எழுதுங்கள். துறையில் இருப்பவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெயர் என்னும் பெரிய வேலை

பெயரட்டையில் தவறு வந்தால் விருந்தினர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், ஆனால் மூன்று நாளும் அதைக் கழுத்தில் சுமப்பார். இங்கே பெயர்கள் நான்கைந்து முறையில் வரும். மலேசியத் தமிழருக்கு அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்) போட்டு அப்பா பெயர் வரும். தமிழ்நாட்டவருக்குத் தலைப்பெழுத்து. ஆனால் கடவுச்சீட்டில் அது விரிந்து, சில சமயம் அப்பா பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். மலாய்க்காரருக்கு “பின்” (மகன்), “பிந்தி” (மகள்). சீனருக்குக் குடும்பப்பெயர் முன்னால். ஜப்பானியர் ஆங்கில வழக்கப்படி அதைப் பின்னால் எழுதியும் அனுப்புவார்கள்.

மென்பொருள் “குடும்பப்பெயர்” என்று கேட்டால் செல்வராஜுக்குப் பதில் அவர் அப்பா குப்புசாமிதான் அட்டையில் அச்சாவார். ஆகவே படிவத்தில் இரண்டு கட்டங்கள் வைக்கவும்: “சான்றிதழில் வர வேண்டிய முழுப்பெயர்”, “உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்”. முன்னது சான்றிதழுக்கு, பின்னது பெயரட்டைக்கு. சான்றிதழில் ஏ/எல், “பின்” எல்லாம் அடையாள அட்டையில் உள்ளபடியே வரட்டும். ஆண்டு மதிப்பீட்டுக்கும் தொழில்முறைப் புள்ளிக்கும் அதைத்தான் காட்டப்போகிறார்கள். பெயரட்டையில் அப்பா பெயர் தேவையில்லை.

அட்டை 105க்கு 148 மி.மீ., அதாவது ஏ6 அளவில் இருக்கட்டும். கூப்பிடும் பெயர் இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று படிக்கும்படி பெரிதாகவும், நிறுவனமும் நாடும் கீழே சிறிதாகவும். மாநாட்டுச் சின்னத்தைப் பாதி அட்டைக்குப் போடுகிறவர்கள் உண்டு. மாநாட்டின் பெயரைத் தெரிந்துகொள்ளவா ஒருவர் எதிரே நிற்பவரின் மார்பைப் பார்க்கிறார்? இரு பக்கமும் ஒரே மாதிரி அச்சடியுங்கள், ஒற்றைக் கொக்கிக் கயிற்றில் அட்டை எப்போதும் திரும்பித்தான் தொங்கும். விரும்புகிறவர்களுக்குப் பெயரைத் தமிழிலும் சேர்த்துப் போடலாம். செலவு எதுவும் அதிகமாகாது, தஞ்சாவூரில் இருந்து வந்தவரும் கேமரன் மலையில் இருந்து வந்தவரும் பேச ஆரம்பிக்க அது போதும்.

பட்டம் தனிக் கதை. தமிழில் எல்லாரையும் “டத்தோ” என்று எழுதிவிடலாம், ரோமன் எழுத்தில் அப்படி முடியாது. கூட்டரசு தரும் விருதுக்கு ஒரு எழுத்துக்கூட்டல், சுல்தான்கள் தரும் விருதுக்கு வேறு, மேற்குறியோடு. பிரமுகரின் அலுவலகத்துக்கே எழுதி, பட்டத்தோடு கூடிய முழுப்பெயரை எழுத்தில் வாங்குங்கள். பத்திரிகையைப் பார்த்து எழுதினால் போன வருடப் பட்டம்தான் வரும்.

தொண்டர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும். மலேசியாவில் “டாக்டர் முத்து”, “ப்ரோஃப் அமினா” என்று சொந்தப் பெயரோடு கூப்பிடுவதே மரியாதை. தமிழ்நாட்டு மூத்தவர்களை ஐயா, அம்மா எனலாம். வீட்டுப் பழக்கத்தில் “அங்கிள்” என்று வாயில் வந்துவிடும், அதை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

வந்து சேரும் வழி

ஒவ்வொருவரிடமும் விமான எண், எந்த முனையம், இறங்கும் நேரம், பெட்டிகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வாங்கி ஒரே அட்டவணையில் வையுங்கள். ஏர் ஏசியா பயணிகள் கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவின் இரண்டாம் முனையத்தில் இறங்குவார்கள், மற்ற நிறுவனங்கள் பலவும் முதலாம் முனையத்துக்கு வரும். “கேஎல்ஐஏவில் காத்திருக்கிறேன்” என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையத்தில் நின்றுகொண்டு சொல்வது அடிக்கடி நடக்கிற கூத்து. விமானம் தரையிறங்கியபின் குடிநுழைவும் பெட்டியும் முடிய ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் ஹீத்தாமில் வெளியேறிக் குளுவாங் வர, நெரிசல் இல்லாவிட்டால் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். உள்நாட்டு விமானத்தில் ஜொகூரின் செனாய் விமான நிலையத்துக்கு வருகிறவர்களுக்குப் பாதை குறைவு.

சொந்தமாக வர விரும்புகிறவருக்கு இரண்டு வழி சொல்லலாம். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இருந்து இடிஎஸ் மின்ரயிலில் வந்து குளுவாங்கில் இறங்கலாம். வார இறுதிச் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். அல்லது கேஎல்ஐஏ டிரான்சிட் ரயிலில் பண்டார் தாசேக் செலாத்தான் நிலையம் வந்தால், பக்கத்திலேயே டிபிஎஸ் பேருந்து முனையம்.

பதினான்கு இருக்கை வேனில் பதினான்கு பேரை ஏற்ற முடியாது. வெளிநாட்டுப் பெட்டிகளோடு எட்டு பேர், சுவரொட்டிக் குழாய்கள் இருந்தால் ஏழு. ஓட்டுநருக்குத் தாளில் எழுதிய பெயர்ப்பலகை கொடுங்கள், கைப்பேசித் திரையில் காட்டுவது கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. விருந்தினருக்கு முந்தைய நாள் வாட்ஸ்அப்பில் போக வேண்டியது இவ்வளவுதான்:

“வணக்கம் டாக்டர் கலா. நாளை உங்களை அழைத்துவரும் ஓட்டுநர் பெயர், கைப்பேசி எண், வண்டி எண் கீழே உள்ளன. இரண்டாம் முனையம், வருகை வாசலில் மாநாட்டுப் பலகையோடு நிற்பார். பயணம் சுமார் மூன்று மணி நேரம். வழியில் ஓய்விடத்தில் நிறுத்துவோம், சைவ உணவு கிடைக்கும். அறை உங்கள் பெயரில் கட்டணம் செலுத்தி எடுக்கப்பட்டுள்ளது. இரவு எத்தனை மணியானாலும் இந்த எண்ணுக்குக் கூப்பிடலாம்.”

கடைசி வரியில் தரும் எண்ணை உண்மையிலேயே ஒருவர் எடுக்க வேண்டும். இரவு முறைக்கு ஒருவரைத் தனியாகப் போடுங்கள், அவருக்கு மறுநாள் காலை வேலை தராதீர்கள்.

மலேசியாவில் மின்செருகி சதுர மூன்று முனை, பிரிட்டிஷ் வகை. இந்தியாவின் உருண்டை முனை நுழையாது. மாற்றுச்செருகி இருபது வாங்கிப் பதிவு மேசையில் வையுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தால் முக்கால்வாசி திரும்பி வரும்.

பதிவு மேசை

200 பேரில் 160 பேர் முன்பதிவு செய்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டேகாலுக்குள் எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும் என்றால் ஏழரை முதல் 45 நிமிடத்தில் 160 பேர், நிமிடத்துக்கு மூன்றரை பேர். ஒருவருக்கு ஒரு நிமிடம் ஆனால் நான்கு மேசை இழுத்துப் பிடித்துச் சமாளிக்கும், ஐந்து மேசை நிம்மதி. அதே மேசையில் பையும் கொடுத்து, சட்டை அளவும் கேட்டு, சாப்பாட்டுச் சீட்டும் எண்ணினால் ஒருவருக்கு மூன்று நிமிடம் ஆகும், வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் போய் நிற்கும். ஆகவே மேசையில் அட்டை மட்டும், பை பத்தடி தள்ளி வேறு மேசையில். பணம் செலுத்தாதவர், பெயர் இல்லாதவர், ரசீது கேட்பவர் மூவருக்கும் முற்றிலும் தனி மேசை, அங்கே முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள பொருளாளரே உட்காரட்டும். ஒரு சிக்கல் பெயரால் பின்னால் இருக்கும் முப்பது பேர் நிற்பதுதான் காலை நேரக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம்.

மேசைகளை அகரவரிசையில் பிரிக்காதீர்கள். ஆங்கில எழுத்துப்படி பிரித்தால் முகமட், முத்து, மஸ்லினா, மாரியம்மா, நூருல், நாகராஜன் எல்லாரும் இரண்டு மேசையில் குவிவார்கள், மற்ற மூன்றும் ஈ ஓட்டும். பதிவு எண்ணை முந்தின நாள் செய்தியில் அனுப்பி, 1 முதல் 32, 33 முதல் 64 என்று பிரியுங்கள். எண்ணை மறந்தவர்களுக்காகப் பெயர்ப்பட்டியல் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து நுழைவாயிலில் ஒட்டவும். கியூஆர் குறியீடு நல்லதுதான், ஆனால் மண்டப வைஃபை காலை எட்டு மணிக்குப் படுத்துவிடும். தாள் பட்டியல் ஒன்று ஒவ்வொரு மேசையிலும் கட்டாயம் இருக்கட்டும்.

பையில் என்ன போடுவது? நிகழ்ச்சி நிரல், பேனா, குறிப்பேடு, தண்ணீர்ப் புட்டி, ஒற்றைத்தாள் வரைபடம். விளம்பரத் தாள்கள் பாதி அறைக் குப்பைக்கூடையில்தான் முடியும். பூச்சிக்கொல்லி நிறுவனங்கள் மாதிரிக் குப்பி கொடுக்க ஆசைப்பட்டால் மறுத்துவிடுங்கள். காட்சிக்கு வைக்கும் புட்டிகளும் நிரப்பப்படாத காலிப் புட்டிகளாகவே இருக்க வேண்டும், தேநீர் மேசையில் இருந்து தள்ளி.

நுழைவாயிலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு வைப்பது நம் வழக்கம். தட்டை மேசையில் வைத்து, பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒருவர் நிற்கட்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். நெற்றியை நோக்கிக் கை நீட்டுவதும் தலையில் பன்னீர் தெளிப்பதும் வேண்டாம். மடிக்கணினி மேல் பன்னீர் விழுந்தால் அப்புறம் பேச்சே இல்லை.

திறப்பு விழா

விருந்தினர் அமர்தல், பிரமுகர் வருகை, தேசிய கீதமான நெகாராகூ, மாநில கீதமான லாகு பங்சா ஜொகூர், துவா எனும் பிரார்த்தனை, உரைகள், திறந்துவைத்தல், குழுப்படம், தேநீர். இந்த வரிசை வெளிநாட்டவருக்குத் தெரியாது. இரண்டு கீதத்துக்கும் எழுந்து நிற்க வேண்டும் என்பதைத் திரையில் போட்டுவிட்டால் முதல் கீதம் முடிந்ததும் பாதிப் பேர் உட்கார்ந்து எழுகிற தடுமாற்றம் இருக்காது. பிரமுகர் தாமதமாக வருவது நடக்கக்கூடியதே. முதல் சிறப்புரையைத் திறப்பு விழாவுக்குப் பின்னால் ஒட்டிவைக்காமல், இடையில் முப்பது நிமிடம் தேநீருக்கு விடுங்கள். தாமதத்தை அந்த முப்பது நிமிடம் விழுங்கிக்கொள்ளும், பேச்சாளர் நேரம் தப்பும்.

சாப்பாடு

உணவு ஹலால் சான்று பெற்றவரிடம் இருந்தே வர வேண்டும், மாட்டிறைச்சி வேண்டாம். இந்த இரண்டோடு யாருக்கும் மனத்தாங்கல் வராது. சைவம்தான் சூட்சுமம். நாசி லெமாக் சம்பலில் நெத்திலி, காய்கறிப் பிரட்டலில் பெலாச்சான் எனும் இறால் விழுது, குழம்பில் இறால் பொடி என்று “காய்கறி” என்ற பெயரில் அசைவம் வந்துவிடும். பரிமாறுகிறவருக்கே அது தெரியாது. சமைப்பவரிடம் “மீன், இறால், பெலாச்சான், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் இல்லாதது” என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதிக்கொடுங்கள். சீனச் சைவர் சிலர் வெங்காயம், பூண்டும் தொட மாட்டார்கள். சைவ மேசை தனியாக, அகப்பை தனியாக, வரிசையின் தொடக்கத்தில் இல்லாமல் தள்ளி இருக்கட்டும். சேர்ந்து வைத்தால் அசைவக்காரர்கள் பனீரையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போக, கடைசியில் வரும் சைவருக்கு வெறும் சோறுதான். பெயரட்டையில் பச்சைப் பொட்டு வைத்து, பதிவு செய்த எண்ணிக்கைக்கு மேல் பதினைந்து பங்கு கூட்டிச் சொல்லுங்கள்.

200 பேருக்கு அரிசி 20 கிலோ போதும். இருபக்கமும் எடுக்கும் வரிசை ஒன்று நூறு பேருக்குக் கால் மணி நேரம் பிடிக்கும், ஆகவே இரண்டு வரிசை. தேங்காய்ப்பால் சேர்ந்த பதார்த்தம் இந்த வெக்கையில் சீக்கிரம் ஊசிப்போகும். சமைத்த நேரத்தை எழுதி ஒட்டச் சொல்லி, நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறி முடியுங்கள். காலைத் தேநீருக்கு வைத்த குயே பலகாரத்தைப் பிற்பகலுக்கு எடுத்துவைப்பது சிக்கனமில்லை. அடுத்தநாள் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறையில் கிடப்பார்கள்.

சுவரொட்டி, கோப்புகள்

ஏ0 சுவரொட்டி 84.1க்கு 118.9 செ.மீ., நெட்டுவாக்கில். எந்தப் பக்கம் என்று சொல்லாவிட்டால் பத்துப் பேர் படுக்கைவாக்கில் கொண்டுவருவார்கள், பலகையில் அடங்காது. ஈரக்காற்றில் இருபக்க ஒட்டுநாடா இரவில் கழன்று, காலையில் சுவரொட்டி தரையில் கிடக்கும். வெல்க்ரோ பட்டையோ குண்டூசியோ நாமே கொடுப்பது மேல். பேச்சுக் கோப்பை முந்தைய மாலையே வாங்கி, மண்டபக் கணினியிலேயே திறந்துபாருங்கள். வேதி வாய்பாடும் தமிழ் எழுத்தும் கட்டங்கட்டமாக மாறியிருப்பது அப்போதுதான் தெரியும்.

தோட்ட நாள்

நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி வாங்கும்போது எந்தப் பகுதி, எத்தனை பேர், படம் எடுக்கலாமா என்ற மூன்றையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முந்தைய இரண்டு நாளில் மருந்து அடித்த பகுதியும் அன்று குலை வெட்டும் வரிசையும் வேண்டாம். முதிர்ந்த மரத்துக் குலை 20 கிலோவைத் தாண்டும், மேலே இருந்து விழும்போது கூவி எச்சரிக்க நேரம் இருக்காது. வெட்டிக் காட்டச் சொன்னால் மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்கவையுங்கள். குலை வெட்டும் கம்பு அலுமினியம் என்பதால் மின்கம்பி போகும் ஓரத்தில் செய்துகாட்டவே கூடாது.

காலை ஏழரைக்குக் கிளம்பி பதினொன்றுக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். பிற்பகலில் இடி மழை வரும். தலைக்கவசம், பூட்ஸ், முழுக்கை, கொசு மருந்து, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பூட்ஸ் அளவைப் பதிவிலேயே கேட்காவிட்டால் 46ஆம் அளவு ஐரோப்பியர் செருப்போடு வருவார். இருபது பேருக்கு ஒரு குழு, முன்னால் விளக்குபவர், பின்னால் தோட்டத்தைத் தெரிந்த ஒருவர். ஏறும்போது தலையை எண்ணுங்கள், இறங்கும்போதும் எண்ணுங்கள். செம்பனை வரிசைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், படம் எடுக்க ஒதுங்கியவர் பத்து நிமிடத்தில் திசை தெரியாமல் நிற்பார். முதலுதவிப் பெட்டியோடு ஒரு வண்டி காத்திருக்கட்டும். அவசர எண் 999, அரசு மருத்துவமனை ஊரிலேயே உள்ள என்ச்சே பெசார் ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை. பாம்பு கடித்தால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட காலை அசையாமல் வைத்து உடனே கொண்டுபோங்கள்.

எதைக் காட்டுவது? ஆண் பூங்கொத்தில் மொய்க்கும் எலைடோபியஸ் காமெருனிக்கஸ் வண்டில் இருந்து தொடங்குங்கள். பூச்சியியலர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்த இந்த வண்டு வருவதற்கு முன், மகரந்தத்தை டால்கம் பொடியோடு கலந்து பூவுக்குப் பூ ஆட்கள் ஊதிக்கொண்டிருந்தார்கள். அதைச் செய்தவர்கள், செய்யக் கண்டவர்கள் ஊரில் இன்னும் இருக்கக்கூடும். பழைய மண்டோர் (மேற்பார்வையாளர்), உரக்கணக்குப் பார்த்தவர், ரப்பர்ப் பால்வெட்டிய அக்காமார் யாராவது குழுவோடு நடந்தால் வேதியியலர் கேட்கும் கேள்விக்குப் பதில் அவர்களிடம்தான் இருக்கும்: எந்த மேட்டில் மழைக்கு உரம் கரைந்து ஓடும், எந்தப் பள்ளத்தில் ஓலை மஞ்சளிக்கும், 2020இல் பாராகுவாட் களைக்கொல்லித் தடைக்கு முன் களைக்கு எப்படி அடித்தார்கள். அவர்களைப் பேச்சாளர் பட்டியலில் பெயரோடு போடுங்கள், மற்றப் பேச்சாளருக்குத் தரும் மதிப்பூதியத்தையே கொடுங்கள். சால்வை மட்டும் போர்த்தி அனுப்புவது சரியில்லை.

அடுத்து செம்பனையின் அடித்தண்டு அழுகல் நோய். அதை உண்டாக்கும் கானோடெர்மா காளான் மரத்தடியில் தட்டுத் தட்டாக நிற்கும். பார்த்தவுடன் காலால் தட்டிவிடும் ஆள் ஒருவராவது இருப்பார், கயிறு கட்டிவைக்கவும். வெளியேறும் இடத்தில் தூரிகை, தண்ணீர், 70 விழுக்காடு ஆல்கஹால் தெளிப்பான் வைத்துப் பூட்ஸ் மண்ணைக் கழுவச் செய்யுங்கள். முதலில் தூரிகை, அப்புறம்தான் தெளிப்பு. சேற்றின் மேல் ஆல்கஹால் அடிப்பதில் பயன் இல்லை.

ஆலைக்கும் போவதாக இருந்தால், வெட்டிய பழம் ஏன் ஒரு நாளுக்குள் வந்துசேர வேண்டும் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அடிபட்ட பழத்தில் லிப்பேஸ் நொதி எண்ணெயை உடைத்துக் கொழுப்பமிலத்தைக் கூட்டும். சுமார் 3 பார் அழுத்த நீராவியில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வேகவைப்பது அந்த நொதியை அழிக்கவும் பழம் காம்பிலிருந்து உதிரவும்தான். உள்ளே இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது. காதடைப்பான் கொடுங்கள், இரும்புப் படியில் எண்ணெய் வழுக்கும் என்றும் சொல்லுங்கள்.

கிளம்பும் நாள்

சான்றிதழைக் கடைசி அமர்வில் மேடையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் போகும், விமானம் பிடிக்கப் போகிறவர் பாதியில் எழுவார். இரண்டாம் நாள் பிற்பகல் முதல் பதிவு மேசையில் கிடைக்கச் செய்து, பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிழை இருந்தால் அங்கேயே மறு அச்சு. நினைவுப் பரிசாகக் குளுவாங் காப்பித் தூள் பொட்டலம், பத்திக் துணி எடுத்துப்போக எளிது. கன்று, விதை, பழம், பூமாலை வேண்டாம், அவை அவரவர் நாட்டுத் தொற்றுக்காப்பு மேசையில் பறிபோகும்.

வேன் புறப்படும் நேரத்தை விமான நேரத்தில் இருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்: விமான நிலையத்தில் சேர மூன்று மணி நேரம் முன், பயணம் மூன்று மணி நேரம், மழைக்கும் நெரிசலுக்கும் ஒன்று. இரவு எட்டு மணி விமானத்துக்குப் பிற்பகல் ஒரு மணிக்கு வண்டி நகர வேண்டும். பட்டியலை முந்தின இரவே விடுதி முகப்பில் ஒட்டிவிடுங்கள். வேன் நகருமுன் மின்செருகி, பூட்ஸ், அறைச் சாவி மூன்றையும் கேட்டு வாங்க ஒருவர் வாசலில் நிற்கட்டும்.